தெருமுனை பேனரில் நான் செத்துப்போனது

எனக்கு இடது காது கேட்காது. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, கொஞ்சம் பெருமையாகவே சொல்கிறேன். தோல் பதப்படுத்துகிற டேனரியில், தோலை அடித்து அடித்து மெத்தென்று ஆக்குகிற மிஷினுக்குப் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் நின்றவள், பேரன் பேத்தி எடுக்கிற வயசில்தான் நகர்ந்தேன். மிஷின் இருந்தது என் இடது பக்கம். அந்தக் காதை அது எடுத்துக்கொண்டது. வலது காதை விட்டுவைத்தது. அது நன்றாகவே இருக்கிறது. மூன்று வீடு தள்ளிக் குக்கர் மூடியைத் திறந்தால் பருப்பா கறியா என்று சொல்லிவிடுவேன்.

நான் எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். பஸ் போர்டு படிப்பேன், ரேஷன் கடைப் பலகை படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எழுதினால் மறுநாள் என் எழுத்தை நானே படிக்கத் திணறுவேன். அதனால் இது மெதுவாகத்தான் போகும். அவசரம் உள்ளவர்கள் வேறு எதையாவது படித்துக்கொள்ளலாம்.

எங்கள் தெரு ஆம்பூருக்கு வெளியே, ஹைவேயில் இருந்து உள்ளே திரும்பினால் வரும். விடிந்ததும் ஷூ கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். பெண்கள் ஈரத்தலையோடு ஓடுவார்கள். அதற்கப்புறம் சாயங்காலம் வரை தெருவில் மிச்சம் இருப்பது கிழவிகளும் கோழிகளும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண்பிள்ளைகளும்தான். இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு யூனிவர்சிட்டிக்குக் கவலை வந்துவிட்டது. அம்மா கம்பெனிக்குப் போனபின் இதுகள் என்ன செய்கின்றன, என்ன சாப்பிடுகின்றன, எதற்குப் பயப்படுகின்றன, என்ன ஆக ஆசைப்படுகின்றன. இதைத் தெரிந்துகொள்ள ஒரு ஆராய்ச்சி. என்னைக் கேட்டிருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பேன். செல்போன் பார்க்கின்றன, மிச்சச் சோறு சாப்பிடுகின்றன, அம்மாவுக்குப் பயப்படுகின்றன. ஆராய்ச்சி என்றால் அப்படிச் சீக்கிரம் முடிக்கக் கூடாதாம்.

ஆராய்ச்சி பண்ண வந்தவள் ஒரு சின்னப் பெண். ஆலங்காயம் பக்கத்துக்காரி. ஊரெல்லாம் செருப்பு தைக்கிற இடத்துக்கு, வார் அறுந்து ஊக்கு குத்திய ரப்பர் செருப்பில் வந்து நின்றாள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாளாம். டாக்டர் என்றதும் எங்கள் தெருவில் மூன்று பேர் முழங்காலைக் காட்டினார்கள். அந்த டாக்டர் இல்லை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் ஒருத்தி பல்லையும் காட்டிவிட்டாள்.

மகளிர் குழுக் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். சின்ன மேடம் என்று நாங்கள் கூப்பிட ஆரம்பித்த அந்தப் பெண்ணுக்குக் குழுத் தலைவி சால்வை போர்த்தினாள். யார் வந்தாலும் போர்த்துவாள். கரண்ட் கணக்கெடுக்க வந்தவருக்கே ஒரு தடவை போர்த்தியிருக்கிறாள்.

சின்ன மேடம் நிதானமாகச் சொன்னாள். "அம்மா சம்மதம் எனக்கு வேணும். அது மட்டும் பத்தாது. பொண்ணுகிட்டயும் தனியா கேப்பேன். அது வேணாம்னு சொல்லிச்சுன்னா வேணாம். நடுவுல எழுந்து போனாலும் போலாம். நீங்க அதைத் திட்டக் கூடாது."

கூட்டம் சிரித்த சிரிப்பில் மின்விசிறிக் காற்றே திசை மாறிவிட்டது.

"எம் பொண்ண நான் பெத்தேன். அதுகிட்ட இன்னா சம்மதம்?"

"கேட்டா பல்லு வெளக்கவே வேணாம்னு சொல்லும் மேடம்."

"எனக்குத் தாலி கட்டும்போதே எவனும் என்னைக் கேக்கல. கேள்வி கேக்கறதுக்குக் கேள்வியா?"

இதைச் சொன்னவள் எங்கள் எதிர் வீட்டுக்காரி. ஷூ கம்பெனியில் அடித்தோலை ஒட்டுகிற பசை, சொல்யூஷன், தடவுகிற வேலை. அன்றைக்கு எல்லாரையும் விட ஜாஸ்தியாகச் சிரித்தவளும் அவள்தான்.

சின்ன மேடம் கோபப்படவில்லை. அடுத்ததைச் சொன்னாள். "பொண்ணு சொல்றது என்கிட்டயே இருக்கும். அம்மா கேட்டாலும் சொல்ல மாட்டேன். பேர் எழுத மாட்டேன், போட்டோ எடுக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கு ஆபத்துனு எனக்குத் தெரிஞ்சா சும்மா இருக்க முடியாது. சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லுவேன். அதையும் பொண்ணுகிட்ட முதல்லயே சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பேன்."

இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவங்க காலேஜில் இதற்கென்றே ஒரு கமிட்டி இருக்கிறதாம். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால் அந்தக் கமிட்டி இவளை ஆயிரம் கேள்வி கேட்டதாம். எங்கள் ஊரில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்க இவ்வளவு கேள்வி கிடையாது. மாப்பிள்ளை குடிப்பானா, சொந்த வீடா, அவ்வளவுதான்.

மறுநாளே வேடிக்கை ஆரம்பித்தது. எட்டாவது படிக்கிற ஒரு வாண்டு, "எனக்கு இஷ்டம் இல்ல" என்று சொல்லிவிட்டது. அதன் அம்மா கையை ஓங்க, சின்ன மேடம் குறுக்கே போய், "பரவால்ல கண்ணு, நீ போய் விளையாடு" என்றாள். வாண்டு அதே இடத்தில் நின்றது. இஷ்டம் இல்லை என்று சொல்லி அதற்கு ஒன்றும் ஆகாமல் போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை போலிருக்கிறது. அன்றைக்கு முழுக்கப் பார்க்கிற எல்லாவற்றுக்கும் இஷ்டம் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. குளிக்க இஷ்டம் இல்லை, உப்புமா இஷ்டம் இல்லை. ராத்திரி அம்மா கையால் நன்றாக வாங்கியது, அது உப்புமாவுக்காக. வாரக் கடைசியில் அதுவே வந்து, "என்னையும் கேளுங்க மேடம்" என்று கெஞ்சியது.

இன்னொரு சட்டமும் இருந்தது. பெண்பிள்ளையை ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் பேசக் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும். பெரியவள் ஒருத்தி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் பேச்சு அவள் காதில் விழக் கூடாது. அந்தப் பெரியவள் யார் என்பதைப் பிள்ளைகளே சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் என்னைச் சொன்னார்கள். எல்லாரும் என்னையே சொன்னார்கள்.

தலைவிக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. "இந்த அக்காவா? இது ஊர்ல யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசாதே?" என்றாள்.

"அதுக்குத்தான்" என்றது வாண்டு.

நியாயம்தான். இந்தத் தெருவில் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லாத வீடுகள் அதிகம். ஒரு வீட்டோடு குழாயடிச் சண்டை, ஒரு வீட்டோடு கோழிச் சண்டை, ஒரு வீட்டோடு எதற்கென்று இரண்டு பேருக்குமே மறந்துபோன சண்டை. கதை ஒன்று என்னிடம் வந்தால் அதற்கு மேல் போக வழி கிடையாது. போதாததற்கு என் இடது காது வேறு.

அங்கன்வாடி வாசலில் பேச்சு நடக்கும். நான் கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இடது காதைப் பிள்ளைகள் பக்கம் வைத்து உட்காருவேன். அந்தப் பக்கம் இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது. வலது காதுக்கு ஹைவே லாரியும், டேனரி வாடையும். வாடை காதுக்கு வராது என்பீர்கள். எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள்.

தலைவி முதல் நாள் முறத்தில் அரிசியைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினாள். ரேஷன் அரிசியில் கல் இருப்பது நிஜம்தான், ஆனால் கண் முறத்தில் இருந்தால்தானே கல் தெரியும். "உன் வீட்ல வெளிச்சம் இல்லியா?" என்று கேட்டு அனுப்பிவைத்தேன். அதற்கப்புறம் அம்மாமார்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். "எம் பொண்ணு இன்னா சொல்லிச்சு அத்தே?" ஒருத்தி பிரியாணியே கொண்டுவந்தாள், கத்திரிக்காய்த் தொக்கோடு. சாப்பிட்டேன். சாப்பிட்டுக் கைகழுவிய பிறகுதான் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொன்னேன். பிரியாணிக்கு முன்னால் அதை எதற்குச் சொல்ல வேண்டும்?

எதிர் வீட்டுப் பெண்ணின் முறை வந்தது. பத்தாவது படிக்கிறாள். தெருவில் அதிகம் பேசாதவள். அன்றைக்குச் சின்ன மேடத்தோடு ரொம்ப நேரம் பேசினாள். சின்ன மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அதை மட்டும் பார்த்தேன். பேச்சு முடிந்து மேடம் போனதும், அந்தப் பெண் என் நாற்காலியைச் சுற்றி வந்து வலது பக்கம் தரையில் உட்கார்ந்தாள்.

"ஆயா, இந்தப் பக்கம்தானே கேக்கும்?"

"கேக்கும். இன்னாடி?"

"பரீட்சை முடிஞ்சதும் என்னை மாமாவுக்குக் கட்டி வெக்கப் போறாங்க."

மாமா என்றால் அவள் அம்மாவுடைய தம்பி. கம்பெனி வேன் ஓட்டுகிறவன். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். முப்பதைத் தாண்டியவன், குடிக்க மாட்டான், மீசைக்கு மட்டும்தான் செலவு செய்வான். இந்தப் பெண் பிறந்தபோது முதலில் தூக்கியவனும் அவன்தான். இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டியவனுக்கே கழுத்தை நீட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். அதற்குப் பதினெட்டு ஆகணும் என்று கவர்ன்மெண்ட் சொல்வது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை எல்லாம் செய்வார்களா?

"உங்கம்மா இன்னா சொல்றா?"

"அழுவுது. ஆனா செய்யப் போவுது. நீ பகல்ல தனியா கெடக்கறே, எனக்குக் கம்பெனில கையே ஓட மாட்டேங்குது, ஒருத்தன் கைல புடிச்சிக் குடுத்துட்டா நிம்மதின்னு சொல்லுது."

"மேடம்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ஆபத்துனா வெளிய சொல்லுவேன்னு அன்னிக்குக் கூட்டத்துல சொன்னாங்க இல்ல? அதுக்குத்தான் ஆயா சொன்னேன்."

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். மேடம் சொன்னதில் முன்பாதியை மட்டும்தான் தெரு பிடித்துக்கொண்டது. இவள் பின்பாதிக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

சின்ன மேடம் அவளிடம் எல்லாவற்றையும் கேட்டுத்தான் செய்திருக்கிறாள். காலேஜில் பெரியவர்களிடம் சொல்லி, அங்கிருந்து பிள்ளைகளுக்கான ஆபீஸுக்குச் சொல்வார்கள். அடுத்த வாரம் ஆபீஸ் அம்மா வருவார். யார் சொன்னது என்று வெளியே வராது.

"வெளிய வந்துச்சுன்னா?" என்று கேட்டேன்.

"ஆந்திரால, குப்பத்துல பெரிம்மா வீடு கீது. பார்டர் தாண்டிட்டா யாருக்குத் தெரியும்? பரீட்சைக்கு முன்னாலயே கூட்டினு போய் கட்டிடுவாங்க." பாவாடையில் ஒட்டியிருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னாள். "ஒரு வாரம் மட்டும் தெரியாம இருந்தா போதும் ஆயா."

ஒரு வாரம் எங்கள் தெருவில் ஒரு விஷயம் தெரியாமல் இருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பேனர் வந்தது.

எங்கள் பக்கத்தில் காது குத்தினால் பேனர், பெண் வயசுக்கு வந்தால் பேனர், போர் போட்டுத் தண்ணீர் வந்தால் பேனர். தலைவிக்கு மனசு தாங்கவில்லை. யூனிவர்சிட்டியே நம் தெருவைத் தேடி வந்திருக்கிறது, பக்கத்துத் தெருவுக்குத் தெரிய வேண்டாமா? வேன் ஓட்டுகிற அந்த மீசைக்காரனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் செலவை ஏற்றுக்கொண்டான். தெருமுனையில், ஹைவே பஸ்ஸில் போகிறவர்களுக்குக்கூடத் தெரிகிற மாதிரி, இரண்டு சவுக்குக் கம்பு நட்டுக் கட்டிவிட்டார்கள். 'ஆராய்ச்சியில் கலந்துகொள்ளும் எங்கள் தெருவின் அருமைச் செல்வங்களை வாழ்த்துகிறோம்.' கீழே வரிசையாகப் பிள்ளைகளின் முகம். ஒவ்வொரு முகத்துக்கும் பேர், வகுப்பு, அப்பா அம்மா பேர். மேல் மூலையில் மீசைக்காரன், கறுப்புக் கண்ணாடி போட்டு, கைகூப்பி, நல்வாழ்த்துகளுடன். அவனுக்கு நேர் கீழே எதிர் வீட்டுப் பெண்.

நடுவில் நான்.

என் போட்டோ யாரிடம் இருக்கிறது? முதியோர் பென்ஷனுக்கு எடுத்ததைத் தலைவி வைத்திருந்தாள். கண் பாதி மூடிய போட்டோ. பிரிண்ட் போட்ட பையனிடம் வட்டச் சட்டம் ஒன்றுதான் இருந்ததாம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிகிற சட்டம். அதற்குள் என்னை வைத்துவிட்டான். பெரிய மனுஷி என்பதால் நடுவில் வைத்து, சுற்றிலும் பூவும் போட்டான். படிக்கத் தெரிந்தவர்களே படிக்காமல், கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பேர்ணாம்பட்டில் இருந்து என் பழைய கூட்டாளி மாலையோடு வந்தாள். மிஷின் பக்கத்தில் என்னோடு நின்றவள். தெருமுனையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"என்னை உட்டுட்டுப் போய்ட்டியே! மூக்குத்தி வாங்கித் தரேன்னு சொல்லிட்டுப் போய்ட்டியே!"

"எவளுக்குடி அழுவறே?" என்று கேட்டேன்.

"உனக்குத்தான்டி பாவி!" என்று சொல்லி, அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பிளந்து, பிளந்த வாயாலேயே திட்ட ஆரம்பித்தாள். அவள் மருமகன் பஸ்ஸில் போகும்போது பேனரைப் பார்த்துப் போன் பண்ணியிருக்கிறான். "லேடீஸ் பஸ் ஃப்ரீ, அது போவட்டும். மாலை தண்டம்" என்றாள். மாலையைத் திரும்பக் கொடுக்க முடியாதே என்று ஆட்டுக்குட்டிக்குப் போட்டோம். அது போட்டதும் தின்ன ஆரம்பித்தது.

சிரித்துக்கொண்டேதான் அவளைத் தெருமுனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், நான் செத்த அழகைப் பார்க்க. அங்கே ஷேர் ஆட்டோவில் இருந்து சின்ன மேடம் இறங்கினாள். பேனரைப் பார்த்தாள். அப்படியே மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பேர்கூட எழுதாம நம்பர்தான் ஆயா போட்டேன்" என்றாள். "என் நோட்டைத் திருடினாக்கூட யார்னு தெரியாது."

தலைவி ஓடிவந்தாள். "எப்படி மேடம், சர்ப்ரைஸ்?"

சின்ன மேடம் தலைவி மனசு நோகாமல் சொல்லப் பார்த்தாள். நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், ஆனால் பிள்ளைகள் முகம் வெளியே வரக் கூடாது, இதைக் கழற்றிவிடலாமா. மீசைக்காரனும் அதற்குள் வந்துவிட்டான்.

"ஏன் கழட்டணும்? நம்ம பசங்க இன்னா திருடினாங்களா? முகம் தெரிஞ்சா இன்னா?" குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது. அப்புறம் கொஞ்சம் குறைந்தது. "அப்படி இன்னா கேட்டீங்க மேடம் அதுங்ககிட்ட? அதுங்க இன்னா சொல்லிச்சுங்க, வெளிய தெரியக் கூடாத மாதிரி?"

சின்ன மேடம் பதில் சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு. எதிர் வீட்டு ஜன்னலில் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. மீசைக்காரன் பேனரில் இருக்கிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தான். கட்டக் காசு கொடுத்தவன், அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

அவன் மூன்றாவது முகத்துக்கு வருவதற்குள் நான் கத்திவிட்டேன்.

"டேய், நான் செத்துட்டேனாடா?"

ஹைவே வரைக்கும் கேட்டிருக்கும். காது கேட்காதவர்களுக்குக் குரல் பெரிது.

"யாரு ஆயா சொன்னது?" என்றான்.

"நீ சொல்றே! குத்துவிளக்கு ஏத்தி, பூ வெச்சி, மேல நின்னு கும்புட்றே! பாரு இவளை, பேர்ணாம்பட்டுல இருந்து மாலையோட வந்து அழுதுட்டு நிக்கறா!"

என் கூட்டாளி விவரமானவள். விஷயம் தெரியாவிட்டாலும் கூட்டம் தெரியும். உடனே மார்பில் அடித்துக்கொண்டு இரண்டு வரி எடுத்துவிட்டாள்.

"அக்கா, அது மரியாதைக்கு வெச்சது" என்றாள் தலைவி.

"உன் மரியாதைய உங்க மாமியாருக்கு வெய்யி! உசுரோட இருக்கறவளை ரோட்ல பொணமா கட்டித் தொங்க உட்டுட்டீங்க. பென்ஷன் ஆபீஸ்காரன் பாத்தா என் பென்ஷனை நிறுத்திடுவான். யார் குடுப்பா எனக்கு, நீ குடுப்பியா, இந்த மீசை குடுக்குமா?"

வீட்டுக்குப் போய்த் தோல் வெட்டுகிற கத்தியை எடுத்துவந்தேன். கம்பெனியை விட்டு வரும்போது எடுத்துவந்த கத்தி. தோலையே அறுக்கும், பிளாஸ்டிக் துணி எம்மாத்திரம். கயிற்றை அறுத்தேன், கம்பில் இருந்து உருவினேன், தரையில் போட்டு என் முகத்தை உள்ளே வைத்துச் சுருட்டினேன். என்னோடு எல்லாப் பிள்ளைகளும் உள்ளே போனார்கள். மீசைக்காரனும் போனான். தடுக்க வந்தவன் கத்தியைப் பார்த்துத் தள்ளி நின்றான். தலைவி மட்டும், "காசு போட்டது அக்கா, காசு போட்டது" என்று பின்னாலேயே வந்தாள்.

"நஷ்ட ஈடு" என்று சொல்லி, சுருட்டியதைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தெருவுக்கு அன்றைக்கு ராத்திரி வரை பேச்சு கிழவியைப் பற்றித்தான். எனக்குத் திமிர், எனக்குப் பைத்தியம், எனக்குப் பென்ஷன் பேராசை. பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்ற பேச்சே வரவில்லை. சின்ன மேடம் மட்டும் போகும்போது என் வலது பக்கம் குனிந்து, "இதையும் நான் காலேஜ்ல சொல்லியாகணும் ஆயா. கொஞ்ச நாளைக்கு வேலைய நிறுத்தச் சொல்லுவாங்க" என்றாள். "நான் முதல் நாளே உங்க எல்லாருக்கும் இன்னும் நல்லா புரிய வெச்சிருக்கணும்." அழுதுவிடுவாள் போலிருந்தது. முருங்கைக்கீரை ஒரு கட்டு கொடுத்து அனுப்பினேன்.

வாரம் முடிவதற்குள் ஆபீஸ் அம்மா வந்தார், கூட ஒரு போலீஸ்காரி. கத்தவில்லை, மிரட்டவில்லை. எதிர் வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்து, பெண்ணுக்குப் பதினெட்டு ஆவதற்குள் கல்யாணம் என்று பேச்செடுத்தால் யார் யார் உள்ளே போக வேண்டியிருக்கும் என்று பொறுமையாகச் சொல்லி, அம்மாவிடமும் தம்பியிடமும் எழுதி வாங்கினார்கள். அடிக்கடி வந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் ஜீப் திரும்பியதும் மீசைக்காரன் தெருவுக்கு வந்தான். "எவ சொன்னா?" என்றான். வேனை அறைந்தான். "வீட்டுக்குள்ள பேசினது ஆபீஸுக்கு எப்படிப் போச்சு? எவ சொன்னா?" கேட்டுக்கொண்டே அக்கா வீட்டு வாசலைப் பார்த்தான். வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். பள்ளிக்கூட யூனிஃபார்ம், தோளில் பை.

நான் கோழிக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தேன். மிச்ச நொய்யையும் கொட்டிவிட்டு எழுந்தேன்.

"நான்தான்டா சொன்னேன்."

"நீயா?"

"பின்ன? என்னைப் பொணமா பேனர் போட்டே இல்ல? சும்மா உடுவேன்னு நெனச்சியா? உங்க வீட்ல பேசறது என் வலது காதுக்குக் கேக்காதா? எங்க சொல்லணுமோ அங்க சொன்னேன். இன்னா பண்ணுவே?"

அவன் என்னைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். முகத்தில் எல்லாம் பொருந்திப்போனது தெரிந்தது. என்னைப் பற்றி இந்தத் தெரு இத்தனை வருஷம் சேர்த்துவைத்த கெட்ட பேர் எல்லாம் சேர்ந்து எனக்குச் சாட்சி சொன்னது. குழாயடியில் இருந்து தலைவி, "இது செய்யும். இது செய்யக்கூடியதுதான்" என்றாள். இவ்வளவு நம்பிக்கையாக யாரும் என்னைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

அவன் வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினான். அவன் நின்றிருந்தது என் இடது பக்கம்.

இது தெரிந்ததும் சின்ன மேடம் என் மேல் கோபப்பட்டாள். "உங்களை யாராவது அடிச்சா யார் பொறுப்பு ஆயா? உங்களையும் பாத்துக்கற பொறுப்பு எனக்கு இருக்கு. இனிமே இப்படிப் பண்ணாதீங்க" என்றாள். சரி என்றேன். ஆராய்ச்சி கொஞ்ச நாள் கழித்து மறுபடி நடந்தது, ஆனால் எங்கள் தெருவில் இல்லை, பள்ளிக்கூடத்திலேயே. பேனர் கட்ட முடியாத இடமாகப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கும் தினம் ஆட்டோ அனுப்பினார்கள். தலைவி அதற்கும் வயிறெரிந்தாள்.

எதிர் வீட்டுப் பெண் பரீட்சை எழுதினாள். இப்போது பதினொன்றாவது. மீசைக்காரன் என்னோடு பேசுவதில்லை. பேசாத வீடுகளின் கணக்கில் ஒன்று கூடியது, அவ்வளவுதான். வேனில் என் வீட்டைத் தாண்டும்போது மட்டும் தேவையில்லாமல் ஒரு ஹாரன் அடிப்பான்.

பரீட்சை முடிவு வந்த அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். கம்பெனி வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், கையில் சொல்யூஷன் காய்ந்து தோலாக உரிந்துகொண்டிருந்தது. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். வலது பக்கம் தாராளமாக இடம் இருந்தது. அவள் சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கம் உட்கார்ந்தாள். எந்தக் காது கேட்காது என்று அவளுக்கு இத்தனை வருஷமாகத் தெரியும்.

உட்கார்ந்து, விரலில் ஒட்டியதை உரித்துக்கொண்டே, ரொம்ப நேரம் பேசினாள். நடுவில் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஒரு தடவை என் முழங்கால் மேல் கையை வைத்து எடுத்தாள். நான் தலையைத் திருப்பவில்லை. எதிரே கோழிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேனரைத்தான் கூட்டுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறேன், பிள்ளைகள் முகமும் என் முகமும் உள்பக்கம் போகும்படி மடித்து. மீசைக்காரன் மூலை மட்டும் மடிப்பில் அடங்கவில்லை, வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடியோடு வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். சேவல் அவன் மேல் ஏறி நின்று, இடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.